எபிரேயமும் செர்பியமும்: ஓர் எழுத்து, இரு மொழிகள்



பிப்ரவரி 14 என்றதும் நம் இளையோருக்கு நினைவுக்கு வருவது காதலர் தினம். திருவழிபாட்டு நாட்காட்டியைத் திறந்து பார்த்தால், அன்று புனிதர்கள் சிரில், மெத்தோடியுஸ் ஆகியோரின் நினைவு நாள் என்று இருக்கும். உடன்பிறந்த சகோதரர்களான இவர்கள், தூய பவுல் திருமுகம் எழுதிய தெசலோனிக்கா நகரில் பிறந்தவர்கள். ஸ்லாவிய மக்களுக்கு முதன்முதலில் எழுத்தையும் விவிலியத்தையும் அவர்களுடைய சொந்த மொழியில் கொடுத்தவர்கள். செர்பியர், பல்கேரியர், உருசியர் என்று இன்று சிரிலிக் எழுத்தில் எழுதும் மக்கள் பலரும் தங்கள் எழுத்து மரபின் தொடக்கமாக இவர்களையே காட்டுகிறார்கள்.

இதில் எபிரேய மொழிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். புனித சிரிலின் பழைய வரலாற்று நூலில் ஒரு செய்தி உண்டு. கசார் மக்களிடம் தூது சென்றபோது, வழியில் கருங்கடல் கரையிலுள்ள கெர்சோன் நகரில் தங்கி எபிரேய மொழியைக் கற்றுக்கொண்டாராம். சில ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ 863-இல், மொராவிய நாட்டு மக்களுக்காக அவர் எழுத்துகளை உருவாக்க அமர்ந்தார். அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. ஸ்லாவிய மொழியில் 'ஷ' என்ற ஒலி அடிக்கடி வரும். கிரேக்கத்திலோ அதற்கு எழுத்தே இல்லை. எபிரேயத்தில் 'ஷீன்' என்ற எழுத்து இருக்கிறது. மூன்று கோல்களை நிறுத்தி அடியில் இணைத்தது போன்ற வடிவம். அதையே அவர் எடுத்துக்கொண்டார் என்பது மொழி அறிஞர் பலரின் கருத்து. அவர் செய்த கிளகோலித்து எழுத்து வழக்கொழிந்து, அவருடைய சீடர்கள் காலத்தில் சிரிலிக் எழுத்து உருவானபோதும் இந்த மூன்று கோல் எழுத்து மட்டும் அப்படியே தங்கிவிட்டது. இன்று பெல்கிரேடில் ஒரு பள்ளிக் குழந்தை எழுதும் 'ஷ'வும், எருசலேமில் ஒரு குழந்தை எழுதும் 'ஷ'வும் பார்வைக்கு அண்ணன் தம்பி போலவே இருக்கும். (தமிழ் நெடுங்கணக்கிலும் இந்த ஒலிக்கு எழுத்தில்லை, நாமும் கிரந்தத்திலிருந்து கடன் வாங்கித்தான் எழுதுகிறோம். எனவே சிரிலின் சிக்கல் நமக்கு நன்றாகவே புரியும்.)

எழுத்து உருவானதும் எதிர்ப்பும் வந்தது. வெனிஸ் நகரில் குருக்கள் பலர் அவரைச் சூழ்ந்துகொண்டு, எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் மட்டுமே கடவுளைப் புகழலாம், இயேசுவின் சிலுவைமேல் பிலாத்து எழுதி வைத்தது அந்த மூன்றில்தான் (யோவா 19:20) என்று வாதிட்டார்கள். மழை எல்லார் மீதும் சமமாகப் பெய்யவில்லையா என்று சிரில் திருப்பிக் கேட்டார். எதிரிகளுக்கு அவர் தரப்பில் சூட்டிய பெயர் 'பிலாத்துவின் சீடர்கள்'! திருத்தந்தை இரண்டாம் ஹேட்ரியன் ஸ்லாவிய வழிபாட்டு நூல்களை ஏற்றுக்கொண்டார். சிரில் 869 பிப்ரவரி 14 அன்று உரோமையிலேயே இறந்து, புனித கிளமெந்து பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1980-ஆம் ஆண்டின் கடைசி நாளில் இவ்விருவரையும் ஐரோப்பாவின் இணைப் பாதுகாவலர்களாக அறிவித்தார்.

சரி, இந்த இரு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உறவுமுறை எதுவும் இல்லை. எபிரேயம் செமித்தியக் குடும்பம். அரபு, அரமேயம் ஆகியவற்றின் உடன்பிறப்பு. செர்பியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஸ்லாவியக் கிளை. எபிரேயம் வலமிருந்து இடம் எழுதப்படும், 22 எழுத்துகள், எல்லாம் மெய்கள். உயிர் ஒலிகளை வாசிப்பவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் மசோரெத்து என்னும் மறைநூல் காவலர்கள் புள்ளிகளும் கோடுகளும் இட்டு வாசிப்பைக் காத்தார்கள். செர்பியத்தில் 30 எழுத்துகள். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து, ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி. எழுத்து தெரிந்தால் போதும், பொருள் புரியாமலேயே சரியாக வாசித்துவிடலாம். எபிரேயத்தில் பொருள் புரிந்தால்தான் சரியாக வாசிக்கவே முடியும். குருமடத்தில் எபிரேயத்தோடு போராடிய எவரும் இதற்குச் சாட்சி சொல்வார்கள்.

செர்பியத்தில் ஏழு வேற்றுமைகள் உண்டு. அதில் விளி வேற்றுமையும் ஒன்று. தந்தை 'ஓத்தாட்ஸ்', இறைவேண்டலில் அழைக்கும்போது 'ஓச்சே'. கடவுள் 'போக்', அழைக்கும்போது 'போஷே'. நம்மிடமும் தந்தை, 'தந்தையே' ஆகிறார் அல்லவா? எபிரேயத்தில் இப்படிச் சொல்லின் வடிவம் மாறாது. மாறாக, 'இவர் என் மகன்' என்று சொல்லும்போது எபிரேயமும் தமிழும் ஒரே பக்கம். நடுவில் 'இருக்கிறார்' என்ற வினை வேண்டியதில்லை. செர்பியத்தில் அந்த வினை இல்லாவிட்டால் வாக்கியமே நிற்காது. இது இலக்கண நுணுக்கம் மட்டுமல்ல. எரியும் முட்புதரில் மோசேக்குக் கடவுள் சொன்ன பெயரை (விப 3:14) மொழிபெயர்க்க வேண்டியவருக்கு இது பெரிய தலைவலி. அங்கே வரும் 'எஹ்யே' என்ற வடிவம், இருக்கிறேன் என்றும் இருப்பேன் என்றும் ஒருசேரப் பொருள்படும். செர்பியத்தில் எழுதுபவர் நிகழ்காலமா எதிர்காலமா என்று ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுத்ததும் மற்றது விழுந்துவிடுகிறது.

இனி என்னை மிகவும் ஈர்த்த பகுதிக்கு வருகிறேன்: சொற்கள்.

எபிரேயத்தில் 'ரூவாஹ்' என்றால் காற்று, மூச்சு, ஆவி மூன்றும். செர்பியத்தில் ஆவி 'துஹ்', ஆன்மா 'தூஷா', மூச்சு 'தாஹ்'. நாம் சுவாசிக்கும் காற்றுக்கே 'வாஸ்துஹ்' என்று பெயர். எல்லாம் ஒரே வேர். உறவே இல்லாத இரு மொழிகள், மனிதனின் மூச்சைக் கவனித்து, கடவுளின் ஆவியை ஒரே வழியில் பெயரிட்டிருக்கின்றன. தமிழில் 'ஆவி' என்பதும் அப்படித்தானே. ஆனால் ஒரு வேறுபாடு: 'ரூவாஹ்' எபிரேயத்தில் பெரும்பாலும் பெண்பால், 'துஹ்' ஆண்பால். தொடக்க நூலின் முதல் வரிகளில் நீர்த்திரளின்மேல் அசைந்தாடும் ஆவியைத் தாய்ப்பறவையாகக் கேட்கும் எபிரேயரின் காது, செர்பியருக்குக் கிடைப்பதில்லை.

'தாபார்' என்றால் எபிரேயத்தில் சொல். அதே சொல்லுக்குப் பொருள், நிகழ்ச்சி என்றும் அர்த்தம். கடவுள் சொன்னார், உண்டாயிற்று. சொல்லுக்கும் உண்டான பொருளுக்கும் இடைவெளி இல்லை. செர்பியத்தில் சொல் 'ரேச்', பொருள் 'ஸ்த்வார்'. இவை இரண்டும் வேறு வேறு. ஆனால் 'ஸ்த்வார்' எங்கிருந்து வந்தது? 'ஸ்த்வோரித்தி', அதாவது படைத்தல் என்ற வினையின் வேரிலிருந்து. படைத்தவர் 'ஸ்த்வோரித்தெல்'. எனவே ஒரு செர்பியர் மேசையையோ கரண்டியையோ சுட்டி 'இந்தப் பொருள்' என்று சொல்லும்போது, தெரியாமலேயே 'இந்தப் படைப்பு' என்கிறார். எபிரேயர் அதையே 'பேசப்பட்டது' என்கிறார். தொடக்க நூலின் முதல் அதிகாரத்துக்கு இதைவிட நல்ல விளக்கவுரை தேவையா?

நம்பிக்கைக்கு எபிரேயத்தில் 'எமூனா'. நாம் ஒவ்வொரு மன்றாட்டின் இறுதியிலும் சொல்லும் 'ஆமென்' இதே வேர்தான்; உண்மை என்னும் 'எமெத்' என்பதும் அப்படியே. உறுதியாக நிற்பது, சாய்ந்தாலும் விழாமல் தாங்குவது என்பது அடிப்பொருள். செர்பியத்தில் நம்பிக்கை 'வேரா'. திருமண நிச்சயதார்த்தம் 'வேரித்பா'. நிச்சயிக்கப்பட்ட மணமகனும் மணமகளும் அந்த வேரிலிருந்தே பெயர் பெறுகிறார்கள். இங்கே ஓசேயா இறைவாக்கினரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அதிகாரத்தில் கடவுள் தமக்குத் துரோகம் செய்த மக்களை மீண்டும் தமக்கு மண ஒப்பந்தம் செய்துகொள்வதாகச் சொல்லும்போது, 'எமூனா'வோடு செய்வதாகவே எபிரேய மூலத்தில் இருக்கிறது. ஓசேயா ஒரு வாக்கியத்தில் சேர்த்ததை, செர்பிய மொழி ஒரு வேரிலேயே சேர்த்து வைத்திருக்கிறது.

இரக்கத்துக்கு எபிரேயம் சொல்வது 'ரஹமீம்'. 'ரெஹெம்' என்றால் கருப்பை. தன் வயிற்றில் சுமந்த பிள்ளைக்காகத் தாயின் அடிவயிறு துடிப்பதுதான் இரக்கம். எசாயா 49:15-ஐ இந்தப் பின்னணியில் வாசித்துப் பாருங்கள். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1980-இல் இறை இரக்கம் பற்றி எழுதிய சுற்றுமடலில், இந்தச் சொல்லுக்காகவே ஒரு நீண்ட அடிக்குறிப்பு எழுதினார். செர்பியர் 'மிலோஸ்ர்ஜே' என்பர். அதில் இருப்பது 'ஸ்ர்ட்சே', அதாவது இதயம். இலத்தீனின் வழியும் இதுவே. என் கருத்தில் இந்த ஓரிடத்தில் எபிரேயம் முந்திக்கொள்கிறது. இதயம் மனம் மாறலாம். பெற்ற வயிறு மாறாது.

கிழமைகளின் பெயர்களையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கல்வி ஆசிரியர்களுக்குப் பயன்படும். நம் கிழமைகள் கோள்களின் பெயர்கள். எபிரேயத்தில் வெறும் எண்கள்: முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறு வரை, பிறகு 'ஷப்பாத்'. செர்பியரும் சனிக்கிழமையை 'சூபொத்தா' என்றே அழைக்கிறார்கள். அது அந்த ஷப்பாத்துதான். ஞாயிறு 'நேதெல்யா', வேலை செய்யாத நாள் என்று பொருள். திங்கள், 'நேதெல்யா'வுக்கு அடுத்தது. செவ்வாய் 'ஊத்தொராக்', அதாவது இரண்டாவது. எபிரேயரின் இரண்டாம் நாளோ திங்கள்! ஞாயிறை எண்ணிக்கையில் சேர்ப்பவர் ஒருவர், எண்ணாமல் தனியே வைப்பவர் இன்னொருவர். புதன் மட்டும் செர்பியத்தில் 'நடுநாள்' என்றிருக்கிறது. ஞாயிறில் தொடங்கி எண்ணினால்தான் அது நடுவில் வரும். மொழிக்குள் இரு கணக்குகளும் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன.

இனி வரலாறு. 19-ஆம் நூற்றாண்டில் இரு மொழிகளும் ஒவ்வொரு மனிதரின் பிடிவாதத்தால் மறுவாழ்வு பெற்றன. வூக் கராஜிச் (1787-1864) ஊன்றுகோலோடு நடந்த ஊனமுற்றவர். படித்த செர்பியர்கள் அன்று, கோவில் மொழியும் உருசியமும் கலந்த செயற்கையான ஒரு நடையில் எழுதினார்கள். ஊர்மக்களுக்கு அது புரியாது. வூக் உழவர்களிடமும் பார்வையற்ற பாடகர்களிடமும் பாடல் கேட்டு எழுதி, 1818-இல் வியன்னாவில் அகராதி வெளியிட்டார். பேசுவதுபோல் எழுது என்பதே அவர் கொள்கை. 1847-இல் புதிய ஏற்பாட்டை மக்கள் மொழியில் தந்தார். ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைவர்களுக்குக் கடும் கோபம். அவர் இலத்தீன் எழுத்திலிருந்து ஒரே ஓர் எழுத்தை, 'ய' ஒலிக்காக, எடுத்திருந்தார்; அது கத்தோலிக்கரின் சூழ்ச்சி என்றே பேசப்பட்டது. ஷீனைக் கடன் வாங்கிய சிரிலின் பிள்ளைகள் ஓர் எழுத்தைக் கடன் வாங்கியதற்காக வருந்தினார்கள்! அவருடைய சீடர் ஜூரா தானிச்சிச் பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்க, 1868-இல் முழு விவிலியம் வெளிவந்தது. வூக்கின் எழுத்துமுறையைச் செர்பிய அரசு முழுமையாக ஏற்றதும் அதே ஆண்டில்தான். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

எலியேசர் பென் யெகூதா (1858-1922) நடந்த பாதை நேர் எதிரானது. வூக் ஊர்ப்பேச்சை நூலுக்குக் கொண்டுவந்தார். இவர் நூல்மொழியை அடுப்படிக்குக் கொண்டுபோனார். 1881-இல் பாலஸ்தீனம் வந்தவர், வீட்டில் எபிரேயம் தவிர வேறு மொழி கூடாது என்று விதித்தார். 1882-இல் பிறந்த அவருடைய மகன், பல நூற்றாண்டுகளுக்குப் பின் எபிரேயத்தைத் தாய்மொழியாகப் பேசிய முதல் குழந்தை என்பார்கள். விளையாட யாருமில்லாத குழந்தையாக அவன் வளர்ந்ததை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. புனித மொழியைச் சந்தைக்கு இழுத்ததாக, பக்திமிக்க யூதர்கள் பென் யெகூதாவை விலக்கி வைத்தார்கள். ஆனாலும் மொழி பிழைத்துக்கொண்டது. எசேக்கியேல் முதல் அதிகாரத்தில் நெருப்பின் நடுவே ஒளிரும் 'ஹஷ்மால்' இன்று எபிரேயத்தில் மின்சாரம்.

இவ்விரு வரலாறுகளும் சந்திக்கும் ஓர் ஊரும் உண்டு. பெல்கிரேடின் ஒரு பகுதியாக இன்றுள்ள செமூன். அங்கே யெகூதா அல்கலாய் (1798-1878) என்ற யூத இரபி வாழ்ந்தார். சரயேவோவில் பிறந்தவர். சுற்றிலும் செர்பியரும் கிரேக்கரும் துருக்கிய ஆட்சியிலிருந்து விடுதலை தேடியதைக் கண்டவர். யூதர்களும் தங்கள் நாட்டுக்குத் திரும்ப வேண்டும், சிதறிப்போனவர்களுக்குப் பொதுமொழியாக எபிரேயம் வேண்டும் என்று, பென் யெகூதா பிறக்கும் முன்பே எழுதினார். யூத தேசிய இயக்கத்தைத் தொடங்கிய தியோடர் ஹெர்சலின் தாத்தா இவருடைய தொழுகைக்கூடத்தைச் சேர்ந்தவர்.

அதே செமூன் பக்கத்துச் சாவா ஆற்றங்கரையில், 1942 வசந்த காலத்தில், ஜெர்மானியர் ஏறத்தாழ 6000 யூதப் பெண்களையும் குழந்தைகளையும் நச்சுப்புகை வண்டியில் ஏற்றிக் கொன்றார்கள். பக்கத்தில் குரோவாசியாவில் 'உஸ்தாஷா' அரசு ஆட்சியில் இருந்தது. கத்தோலிக்கம் தன் அடையாளம் என்று சொல்லிக்கொண்ட அரசு. பதவிக்கு வந்த இரண்டு வாரங்களில், 1941 ஏப்ரல் 25 அன்று, அது சிரிலிக் எழுத்தைத் தடை செய்தது. அதன் பிறகு யசெனோவாட்ஸ் முகாமில் செர்பியரும் யூதரும் ரோமா மக்களும் சேர்த்தே கொல்லப்பட்டார்கள். அமெரிக்க யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகத்தின் மதிப்பீடு 77,000 முதல் 99,000 வரை. கத்தோலிக்கக் குருவாக இதை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனால் எழுதாமல் விட்டால், மேலே சொன்ன அழகான சொல் விளக்கங்களுக்கு அர்த்தமில்லை.

ஏனென்றால் ஓர் ஒலி ஆளைக் கொல்லும் என்பதை விவிலியமே சொல்லியிருக்கிறது. நீதித் தலைவர்கள் 12-ஆம் அதிகாரம். யோர்தான் துறையில் கிலயாதியர் காவல் நின்று, கடக்க வந்த ஒவ்வொருவரையும் 'ஷிபொலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். எப்ராயிமியருக்கு 'ஷ' வராது; 'சிபொலேத்' என்றார்கள். அங்கேயே வெட்டினார்கள். 42,000 பேர் என்கிறது நூல். இருவரும் இஸ்ரயேலர், இருவரும் ஒரே மொழி பேசியவர்கள். சிரில் நற்செய்திக்காகக் கடன் வாங்கினாரே, அதே ஷீன். 'ஷிபொலேத்' என்ற சொல்லுக்குப் பொருள் தானியக் கதிர்.

செர்பியரும் குரோவாசியரும் போஸ்னியரும் ஒருவர் பேசுவது ஒருவருக்குத் தடையின்றிப் புரியும். 1850-இல் வியன்னாவில் வூக்கும் குரோவாசிய அறிஞர்களும் சேர்ந்து பொதுநடைக்கு உடன்பாடும் எழுதினார்கள். யூகோஸ்லாவியா உடைந்தபின் அதே மொழிக்கு நான்கு பெயர்கள். 1991-இல் யூகோஸ்லாவியப் படையும் செர்பியப் படையினரும் வூகொவார் நகரை முற்றுகையிட்டுச் சிதைத்தார்கள். 2013-இல் அதே நகரில் அலுவலகங்களின் வாசலில் சிரிலிக்கிலும் பெயர்ப்பலகை வைத்தபோது, மக்கள் சுத்தியலால் அவற்றை உடைத்தார்கள். உடைத்தவர்களின் காயம் எனக்குப் புரிகிறது. உடைபட்டது புனித சிரிலின் பெயர் தாங்கிய எழுத்து என்பதும் தெரிகிறது.

2003 ஜூன் 22 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் போஸ்னியாவின் பான்யா லூக்கா நகருக்குச் சென்றார். தள்ளாத வயது, நடக்க முடியாத உடல். திருப்பலிக்குத் தேர்ந்த இடம் பெத்ரிச்செவாட்ஸ் பிரான்சிஸ்கன் மடத்தின் திடல். 1942-இல் அந்த மடத்தைச் சேர்ந்த ஒரு துறவி, அருகிலிருந்த செர்பிய ஊர்களின் படுகொலையில் பங்குகொண்டவர். சபையிலிருந்து நீக்கப்பட்டு, பின் யசெனோவாட்ஸ் முகாமின் பொறுப்பிலும் இருந்தவர். 1995 மே மாதம் அந்த மடத்தின் கோவில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அப்போது நகரம் செர்பியர் கையில். இரு பக்கத்து இரத்தமும் கலந்த அந்த மண்ணில் நின்றுதான், கத்தோலிக்கத் திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காகவும் திருத்தந்தை இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

அந்த நகரத்தில் அப்பத்துக்குக் கத்தோலிக்கர் சொல்வது 'க்ரூஹ்', செர்பியர் சொல்வது 'ஹ்லெப்' அல்லது 'ஹ்ல்யெப்'. போர்க்காலத்தில் கடையில் எந்தச் சொல்லால் அப்பம் கேட்கிறார் என்பதிலிருந்தே ஆள் எந்தப் பக்கம் என்று கணித்தார்கள். 'ஹ்லெப்' பழைய ஜெர்மானியச் சொல். 'க்ரூஹ்' என்பதன் வேருக்கு, நொறுங்கிய துண்டு, பிட்கப்பட்டது என்று பொருள். எபிரேயத்தில் 'லெஹெம்'; இயேசு பிறந்த பெத்லகேம், 'அப்பத்தின் வீடு'. இயேசு கற்பித்த செபத்தில் கத்தோலிக்கர் 'அன்றாட க்ரூஹ்' கேட்கிறார்கள்; ஆர்த்தடாக்ஸ் மக்கள் 'நஸூஷ்னி ஹ்லெப்', அதாவது உயிர்வாழ இன்றியமையாத அப்பம் கேட்கிறார்கள். அன்றாட என்பதும் இன்றியமையாத என்பதும் மத்தேயு 6:11-இல் வரும் ஒரே கிரேக்கச் சொல்லுக்கு இரு தரப்பும் செய்துகொண்ட மொழிபெயர்ப்புகள்.